லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை: டர்பனில் ஒரு பத்திரிகை வடிவமைப்பாளரின் கணக்குகளைச் சீர்செய்யும் முறை

இங்கே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளும் ஆள் இவர். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, காவடி நோட்டீஸ், நினைவு அட்டை, சிறு கடைகளுக்கு லோகோ என்று வடிவமைத்துக் கொடுக்கும் ஃப்ரீலான்சர். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் கணக்கு உண்டு. படம் போடுகிறார், லைக்கும் விழுகிறது. ஆனால் காசு கொடுத்து வேலை தருகிறவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள், அல்லது அவர்களுக்குத் தெரிந்தவர்கள். முன்பின் தெரியாத ஆள் ஒருவர்கூட வாடிக்கையாளராக வரவில்லை.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர், பதிவை அதிகம் பேருக்குக் காட்டும் பூஸ்ட் பட்டனை அமுக்கிப் பணம் கட்டுகிறார்கள். அது கடைசியில் செய்யவேண்டிய வேலை. அடியில் ஓட்டை இருக்கும் குடத்தில் மேலிருந்து எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. அதனால் இங்கே சீர்செய்வதெல்லாம் பின்னாலிருந்து முன்னால்: முதலில் பணம் வாங்கும் இடம், பிறகு விலை சொல்லும் இடம், பிறகு வாட்ஸ்அப், பிறகு காட்சிப் படங்கள், பிறகு கணக்கின் முகப்பு, அதற்கும் பிறகுதான் பதிவுகளும் விளம்பரமும். புடவை கட்டிவிடுகிறவர், மேக்கப் போடுகிறவர், போட்டோகிராபர், கணக்கு எழுதுகிறவர் யாருக்கும் வரிசை இதேதான்.

ஓட்டை எங்கே என்று பார்த்தல்

வாட்ஸ்அப்பைத் திறந்து, கடைசியாக வந்த 30 விசாரணைகளை எடுத்துக்கொள்ளவும். ஒரு தாளில் நான்கு கட்டம் போடவும்: பதில் போகாதவை அல்லது மறுநாள் போனவை, விலை கேட்டதோடு நின்றவை, கொட்டேஷன் (விலைக் குறிப்பு) வாங்கிக்கொண்டு காணாமல் போனவை, டெபாசிட் கட்டியவை. ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு கோடு.

முதல் கட்டம் நிரம்பினால் கோளாறு பதில் போகும் வேகத்தில். இரண்டாவது நிரம்பினால் விலை சொல்லும் விதத்தில். மூன்றாவது நிரம்பினால் கொட்டேஷன் புரியவில்லை, அல்லது முன்பணம் கட்டும் அளவுக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று மாதத்திலும் 30 விசாரணை தேறவில்லை என்றால்தான் ஆட்கள் பார்ப்பதே குறைவு என்று பொருள். அப்போதும் கீழ்ப்பகுதியைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. இந்தத் தாளை எறிய வேண்டாம். எல்லாம் செய்து முடித்தபின் அடுத்த 30 விசாரணைகளை இதே கட்டங்களில் போட்டு ஒப்பிட வேண்டும்.

பணம் வாங்கும் இடம்

டெபாசிட் 50%, மீதி இறுதிக் கோப்பு கொடுக்கும் முன். வடிவமைப்பு வேலைக்கு இதைவிடத் தளர்ந்த ஏற்பாடு வேண்டாம். கல்யாணம் முடிந்த பிறகு யாரும் பத்திரிகைக்குப் பணம் தேடி எடுத்து வைப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவில் இந்த இடத்தில் வரும் பெரிய ஆபத்து போலி ரசீது. 'பணம் போட்டுவிட்டேன், இதோ ப்ரூஃப் ஆஃப் பேமென்ட்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படமோ பிடிஎஃப்போ வரும். வங்கியின் முத்திரை, எண், நேரம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அதை யார் வேண்டுமானாலும் போனிலேயே தயாரிக்கலாம். எஸ்எம்எஸ் வந்தது என்பதும் சான்றில்லை. சொந்த வங்கிச் செயலியைத் திறந்து, கணக்கில் தொகை ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்தபின்பே வேலை தொடங்க வேண்டும். வேறு வங்கியிலிருந்து வரும் சாதாரண ஈஎஃப்டி, அதாவது மின்வழிப் பணமாற்றம், ஏற ஓரிரு வேலைநாள் ஆகலாம். அவசரம் என்பவரிடம் உடனடிப் பரிமாற்றம் அல்லது பேஷாப் வழியாக அனுப்பச் சொல்லலாம். 2023 மார்ச்சில் தொடங்கிய பேஷாப்பில் செல்போன் எண்ணை வைத்தே பணம் வந்துவிடும், கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

இதை முன்கூட்டியே கொட்டேஷனில் எழுதிவிட்டால் பிறகு சங்கடம் இல்லை: 'கணக்கில் பணம் தெரிந்ததும் வேலை தொடங்கும்.' நல்ல வாடிக்கையாளர் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கொட்டேஷனும் முதல் பதிலும்

'விலை என்ன?' என்று ஒற்றை வரியில் கேட்பவருக்கு 'உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது' என்று பதில் போட்டால் அங்கேயே உரையாடல் முடிகிறது. கேட்டவர் அதே நேரத்தில் இன்னும் மூன்று பேரிடம் கேட்டிருப்பார். முதலில் ஒரு விலை எல்லை, உடனே மூன்றே கேள்வி. இப்படி:

'வணக்கம் ஆன்ட்டி, கல்யாணத்துக்கு வாழ்த்துகள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் பத்திரிகை 450 ரேண்டிலிருந்து 900 ரேண்ட் வரை. சரியான விலை சொல்ல மூன்று விவரம் போதும். கல்யாணத் தேதி என்ன? தமிழ் எழுத்தும் வேண்டுமா? போனில் அனுப்ப மட்டுமா, அச்சடித்தும் வேண்டுமா?'

விலை இங்கே எடுத்துக்காட்டு. ஆனால் வரிசை முக்கியம்: விலை எல்லை முதலில், கேள்வி பின்னால். மாற்றிப் போட்டால் கேள்விக்குப் பதில் சொல்லவே பலருக்குப் பொறுமை இருக்காது. எல்லையின் மேல்முனையைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம். 450-க்கு மனதைத் தயார் செய்தவரிடம் பிறகு 900 சொன்னால் வேலையே கைவிட்டுப் போகும்.

கொட்டேஷன் ஒரே படமாக இருக்கட்டும், போனில் பெரிதாக்காமல் படிக்கும்படி. அதில் இருக்கவேண்டியவை: என்ன கிடைக்கும் (ஒரு வடிவமைப்பு, போனுக்கான படம், அச்சுக்கான பிடிஎஃப்), எத்தனை திருத்தம் (இரண்டு சுற்று, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு), எத்தனை வேலைநாள், எது சேராது (அச்சுச் செலவு, டெலிவரி), டெபாசிட் தொகை, விலை எத்தனை நாள் செல்லும் (14 நாள் போதும்). திருத்தச் சுற்றைக் குறிப்பிடாத கொட்டேஷன்தான் பல ஃப்ரீலான்சர்களின் லாபத்தைத் தின்கிறது. கல்யாண வீட்டில் மாமா ஒருவர், சித்தி ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் என்று ஒவ்வொருவராகத் திருத்தம் அனுப்புவார்கள். 'திருத்தங்களை வீட்டில் ஒருவர் தொகுத்து ஒரே செய்தியாக அனுப்ப வேண்டும்' என்ற வரியைக் கட்டாயம் சேர்க்கவும்.

வாட்ஸ்அப் பிசினஸ்

செயலி இலவசம். சாதாரண வாட்ஸ்அப்பும் வாட்ஸ்அப் பிசினஸும் ஒரே எண்ணில் ஓடாது. எனவே தொழிலுக்குத் தனி எண் எடுப்பது நல்லது. புது சிம் வாங்கினால் ரிக்கா எனும் கட்டாய சிம் பதிவுக்கு அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் வேண்டும். ப்ரீபெய்டு சிம்மை ஒரு மூலையில் போட்டு மறந்துவிட்டால், நெட்வொர்க் அந்த எண்ணை முடக்கிப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வாடிக்கையாளர் எல்லாரும் அந்த எண்ணோடு போய்விடுவார்கள். ஆகவே இரண்டாவது சிம்மிலும் மாதம் ஒருமுறை ஏர்டைம் போட்டு ஒரு அழைப்பாவது பேச வேண்டும்.

செயலிக்குள் செய்யவேண்டிய நான்கு வேலைகள் உண்டு. முதலாவது வரவேற்புச் செய்தி. இது முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் தானாகப் போகும். 'உங்கள் செய்தி கிடைத்தது' என்று வெறுமனே எழுதாமல், மேலே சொன்ன விலை எல்லையையும் மூன்று கேள்விகளையும் அதிலேயே வைத்துவிடலாம். அப்போது நீங்கள் தூங்கும்போதும் விசாரணை ஒரு படி நகர்ந்திருக்கும்.

இரண்டாவது விரைவுப் பதில்கள். 50 வரை சேமிக்கலாம், ஆனால் ஏழெட்டுக்கு மேல் தேவைப்படாது. சாய்கோடு போட்டுச் சுருக்கச் சொல்லைத் தட்டினால் முழுச் செய்தியும் வந்து விழும். வங்கி விவரம், திருத்த விதி, அச்சகத்துக்கான குறிப்பு, விமர்சனம் கேட்கும் செய்தி ஆகியவை அதில் இருக்கட்டும்.

மூன்றாவது லேபிள், அதாவது உரையாடல்களை வகைபிரிக்கும் அடையாளம். மேலே தாளில் போட்ட நான்கு கட்டங்களையே லேபிளாக வைத்து, 'முடிந்த வேலை' என்று ஐந்தாவதைச் சேர்க்கவும். வெள்ளிக்கிழமை மாலை கொட்டேஷன் வாங்கியவர்களின் லேபிளைத் திறந்து, மூன்று நாளுக்கு மேல் பதில் சொல்லாதவர்களுக்கு ஒரே ஒரு நினைவூட்டல். இரண்டாவது நினைவூட்டல் வேண்டாம், அது தொந்தரவாகப் படும்.

நான்காவது கேட்டலாக், அதாவது செய்யும் வேலைகளின் படப் பட்டியல். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் இந்த ஊரில் இதுதான் மிக முக்கியம். டர்பனில் ஏராளமானவர்கள் வாட்ஸ்அப்புக்கு மட்டுமான டேட்டா பண்டில் போட்டிருப்பார்கள். அவர்களிடம் வெப்சைட் சுட்டி அனுப்பினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்காது. 'பார்த்துச் சொல்கிறேன்' என்பார்கள், பார்க்கவே முடியாமல் போயிருக்கும். கேட்டலாக் வாட்ஸ்அப்புக்குள்ளேயே திறக்கும். 500 பொருள் வரை ஏற்கும், பத்து பன்னிரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் தொடக்க விலையை ரேண்டில் போடவும். விலை போடாத கேட்டலாக் பாதி வேலையைத்தான் செய்யும்.

அடுத்து, சுட்டி. வாட்ஸ்அப்பின் குறுஞ்சுட்டி 'டபிள்யூஏ டாட் மீ' என்று தொடங்கும். சாய்கோட்டுக்குப் பின் தென்னாப்பிரிக்காவின் நாட்டுக் குறியீடான 27, அதன்பின் எண்ணின் முதல் சுழியத்தை நீக்கிய ஒன்பது இலக்கங்கள். கூட்டல் குறி, இடைவெளி, நடுக்கோடு எதுவும் கூடாது. 27-க்குப் பின்னால் சுழியத்தை விட்டுவைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. சுட்டி பார்க்கச் சரியாக இருக்கும், தட்டினால் 'இந்த எண் வாட்ஸ்அப்பில் இல்லை' என்று வரும். வேறொருவர் போனில் தட்டிச் சோதிக்காமல் எங்கும் ஒட்ட வேண்டாம்.

அந்தச் சுட்டியின் முடிவில் கேள்விக்குறி, ஆங்கிலத்தில் 'டெக்ஸ்ட்', சமக்குறி, பிறகு ஒரு செய்தி என்று சேர்த்தால், தட்டுபவரின் பெட்டியில் அந்தச் செய்தி எழுதித் தயாராக இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் விழுக்காட்டுக் குறியும் 20-உம் வர வேண்டும். இன்ஸ்டாகிராமில் வைக்கும் சுட்டிக்கு ஒரு செய்தி, ஃபேஸ்புக் பக்கத்துக்கு வேறு செய்தி, அச்சடித்த அட்டையிலுள்ள க்யூஆர் குறிக்கு இன்னொன்று என்று வைத்தால், யார் எந்த வழியாக வந்தார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். காசு செலவில்லாத கணக்கெடுப்பு இது. பின்னால் விளம்பரத்துக்குப் பணம் போடும்போது இதன் அருமை தெரியும்.

காட்டவேண்டிய படங்கள்

பன்னிரண்டு நல்ல வேலை இருந்தால் போதும், நாற்பது சுமாரானவை வேண்டாம். நான்கு கல்யாணம், இரண்டு சீமந்தம் அல்லது பெயர்சூட்டல், இரண்டு கோவில் நோட்டீஸ், ஒரு 21-ஆம் பிறந்தநாள், ஒரு நினைவு அட்டை, இரண்டு லோகோ. எந்த வேலை அதிகம் வர வேண்டுமோ அதை அதிகம் காட்ட வேண்டும். லோகோ வேலை பிடிக்காது என்றால் லோகோவைக் காட்டவே வேண்டாம்.

உண்மையான பத்திரிகையை அப்படியே போடக் கூடாது. அதில் வீட்டு முகவரி, தொலைபேசி எண், குடும்பம் முழுவதும் எந்த நாளில் எந்த மணிக்கு மண்டபத்தில் இருக்கும் என்ற விவரம் எல்லாம் இருக்கிறது. வீடு காலியாக இருக்கும் நேரத்தை ஊருக்கே அறிவிப்பது போலாகும். நிகழ்ச்சி முடிந்த பிறகே போடவும். முகவரி, எண், தேதி மூன்றையும் மங்கலாக்காமல் அழித்துவிட்டுப் பொய் விவரம் எழுதவும். மெல்லிய மங்கலை உற்றுப் பார்த்துப் படித்துவிட முடியும். குடும்பத்தின் அனுமதியை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைக்கவும். நினைவு அட்டைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். துக்க வீட்டின் அட்டையை மாதிரியாகக் காட்ட விரும்பினால், கற்பனைப் பெயரோடு தனியாக ஒன்று செய்து வைத்துக்கொள்வதே முறை.

தமிழ் எழுத்து: இந்த ஊரில் ஒரு வடிவமைப்பாளரைத் தனியாகத் தூக்கிக் காட்டுவது இதுதான். டர்பனில் ஒட்டப்படும் பல நோட்டீஸ்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழுந்து கிடக்கும், 'கொ', 'கோ' பிளந்து நிற்கும், சில இடத்தில் புள்ளி வட்டம் தெரியும். காரணம் பெரும்பாலும் ஃபோட்டோஷாப்பின் எழுத்து அமைப்பு. ஃபோட்டோஷாப் 2022-க்கு முந்தைய பதிப்புகளில் ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சின் என்ற இடத்தில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னும் பழைய பதிப்புகளில் இது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்றிருக்கும். பிறகு செயலியை மூடித் திறந்து, பாராகிராஃப் பேனல் மெனுவிலும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கவும். இல்லஸ்ட்ரேட்டரில் ப்ரிஃபரன்சஸின் டைப் பகுதியில் 'இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை இயக்க வேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர், மீரா இனிமை போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். குடும்பம் பழைய கோப்பில் அனுப்பும் தமிழ் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய குறியீடாக இருக்கும். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்து, ஒருமுறை வரிவரியாகச் சரிபார்க்கவும்.

பெயர்களை ஒருபோதும் ஊகித்து எழுத வேண்டாம். இங்கே குடும்பப் பெயர்கள் தலைமுறைகளாக ஆங்கில எழுத்தில் பதிவானவை. அவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதை வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டி உறுதி வாங்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் குடும்பம் போகும் கோவிலின் குருக்களிடம்.

படத்தின் அளவு: இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 1080 × 1350 பிக்சல், ஸ்டோரிக்கும் ரீலுக்கும் 1080 × 1920. நிறம் எஸ்ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான நிற முறையில், இருக்க வேண்டும். அச்சுக்கான சிஎம்ஒய்கே கோப்பை அப்படியே ஏற்றினால் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகவோ கண்கூசும் நிறமாகவோ மாறித் தெரியும். வாடிக்கையாளருக்கு ஒப்புதலுக்கு அனுப்பும் படம் 800 பிக்சல் அகலம், குறுக்கே பெயர் அடித்தது. மீதிப் பணம் ஏறிய பிறகு இறுதிக் கோப்பை 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பவும். புகைப்படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் நசுக்கிவிடும், சிறிய எழுத்துகள் கலங்கிப்போகும், பழி உங்கள் மேல் விழும்.

கணக்கின் முகப்பு

ஃபேஸ்புக்கில் சொந்த ப்ரொஃபைலில் தொழில் நடத்த வேண்டாம், தனிப் பக்கம் திறக்க வேண்டும். ப்ரொஃபைலைத் தொழிலுக்கென்றே பயன்படுத்துவது விதிக்கு மாறு. இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்காக மாற்றவும். மாற்றியதும் சினிமாப் பாட்டுகள் பல கிடைக்காமல் போகும். பிசினஸ் கணக்குக்கு வணிக உரிமம் உள்ள இசை மட்டுமே. வேறெங்கோ எடுத்த பாட்டைக் காணொளியிலேயே சேர்த்து ஏற்றினால் ஒலி நீக்கப்படலாம். நாதஸ்வர இசையை உரிமத்தோடு வாங்கலாம், அல்லது அச்சுத்தாள் மடியும் ஓசையையே ஒலியாக வைக்கலாம்.

இன்ஸ்டாகிராமின் பெயர்ப் புலம் தேடலில் வரும். அதில் வெறும் பெயரை எழுதினால் உங்களைத் தெரிந்தவர் மட்டுமே கண்டுபிடிப்பார். பெயர், செய்யும் வேலை, ஊர் மூன்றும் இருக்கட்டும்: 'தமிழ் கல்யாணப் பத்திரிகை, டர்பன்' என்பதை ஆங்கிலத்தில். இங்கே தேடுபவர்கள் ஆங்கிலத்தில்தான் தட்டுகிறார்கள், அதுவும் இந்த ஊர் எழுத்துக்கூட்டலில். அறிமுகம் 150 எழுத்துக்குள்: என்ன செய்கிறீர்கள், எந்தப் பகுதிக்கு, எத்தனை நாளில், தொடக்க விலை, வாட்ஸ்அப் சுட்டி. 'கனவுகளை வண்ணமாக்குகிறோம்' போன்ற வரிகளுக்கு அங்கே இடமில்லை.

மூன்று பதிவுகளை மேலே குத்தி வைக்கலாம். ஒன்று விலை விளக்கம், ஒன்று ஆர்டர் செய்வது எப்படி, ஒன்று மிகச் சிறந்த வேலை.

என்ன போடுவது, எப்போது போடுவது

வாரம் இரண்டு பதிவு, இரண்டு மூன்று ஸ்டோரி. இதை மூன்று மாதம் தவறாமல் செய்வது, ஒரு வாரம் தினம் போட்டுவிட்டு ஓய்வதைவிட மேல். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பிசினஸ் சூட் செயலியில் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்தால் மின்வெட்டு வந்தாலும் பதிவு போகும்.

வேலை கொண்டுவரும் பதிவுகளில் முதலிடம் முன்னும் பின்னும் காட்டும் படத்துக்கு. உடைந்த தமிழ் எழுத்து இடப்பக்கம், சரியானது வலப்பக்கம், கீழே என்ன கோளாறு என்று இரண்டு வரி. பிறர் போட்ட நோட்டீஸை எடுத்துக் காட்டாமல் நீங்களே உடைந்த மாதிரி ஒன்றைச் செய்யுங்கள். யாரையும் அவமானப்படுத்தி வேலை பிடிக்க வேண்டாம். அடுத்தது, வாடிக்கையாளர் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்குப் பதில்: பத்திரிகையில் யார் பெயர் முதலில் வரும், காலமான தாத்தா பாட்டி பெயரை எப்படிக் குறிப்பிடுவது, எத்தனை வாரம் முன்னால் அனுப்பினால் நல்லது. இப்படிப்பட்ட பதிவுக்கு லைக் குறைவாகவே விழும், ஆனால் ஆட்கள் சேமித்து வைப்பார்கள், அக்காவுக்கு அனுப்புவார்கள். பதிவின் புள்ளிவிவரம் காட்டும் இன்சைட்ஸில் பார்க்கவேண்டிய எண்கள் அந்தச் சேமிப்பும் பகிர்வும்தான்.

படவிளக்கத்தின் முதல் இரண்டு வரி மட்டுமே திறக்காமல் தெரியும். எனவே முதல் வரியிலேயே வேலையும் ஊரும். ஹேஷ்டேக் மூன்றிலிருந்து ஐந்து போதும்.

காலக்கணக்குக்குப் பஞ்சாங்கம் வேண்டும். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் நம் வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. ஆனால் பத்திரிகைக்கான தேடல் அதற்கு முன்பே தொடங்கும். ஆவணிக் கல்யாணத்துக்கான படங்கள் வைகாசி, ஆனியிலேயே கண்ணில் பட வேண்டும். ஆடி மாதம் அம்மன் கோவில் கூழ் ஊற்றும் வழிபாட்டு நோட்டீஸுக்கு. தைப்பூசக் காவடி நோட்டீஸை டிசம்பர் நடுவுக்குள் முடித்தாக வேண்டும். ஏனென்றால் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை அச்சகங்கள் விடுமுறையில் போய்விடும். 'அச்சகம் மூடும் முன் கடைசி நாள் இது' என்ற பதிவை நவம்பர் நடுவில் போட்டால் அதற்கு எப்போதும் பதில் வரும். மேக்கப் தொழிலில் இருப்பவர் இதே கணக்கை பள்ளி இறுதியாண்டு மாணவர்களின் மேட்ரிக் டான்ஸ் விழாக் காலத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஊர்க் குழுக்கள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், ஐசிப்பிங்கோ என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஃபேஸ்புக் குழுக்கள் உண்டு. அங்கே 'பத்திரிகை செய்பவர் யாராவது தெரியுமா?' என்று ஒருவர் கேட்கும் இடம்தான் சமூக ஊடகத்திலேயே மிக விலைமதிப்புள்ள இடம். அவர் வாங்கத் தயாராக வந்திருக்கிறார். குழுவுக்குள் தேடல் பெட்டியில் வேலையின் பெயரைத் தட்டிப் புதியவை முதலில் வரும்படி வைத்து, தினம் ஒருமுறை பார்க்கவும். பதிலில் ஒரே படம், தொடக்க விலை, எத்தனை நாளில், வாட்ஸ்அப் சுட்டி. 'இன்பாக்ஸ் பார்க்கவும்' என்று மட்டும் எழுதுபவர்கள் கூட்டத்தில் கரைந்துபோகிறார்கள். தொழில் விளம்பரத்துக்கு நாள் ஒதுக்கியிருக்கும் குழுக்களில் அந்த நாளில் மட்டுமே போடவும், விதியை மீறினால் நீக்கிவிடுவார்கள்.

குழுவில் கிடைத்த எண்களைத் திரட்டி எல்லாருக்கும் செய்தி அனுப்புவது கூடவே கூடாது. 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள போப்பியா எனும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, ஒப்புதல் இல்லாதவருக்கு மின்வழி விளம்பரம் அனுப்புவதைத் தடுக்கிறது. ஒப்புதல் கேட்பதற்கே ஒருமுறைதான் அணுகலாம். ஏற்கெனவே வாடிக்கையாளராக உள்ளவருக்கு அதே மாதிரியான சேவை பற்றி எழுதலாம், ஆனால் வேண்டாம் என்று சொல்லும் வழி ஒவ்வொரு செய்தியிலும் இருக்க வேண்டும். தவிர, ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட், உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கே போய்ச் சேரும். வேலை முடிந்ததும் 'எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பது அதனால்தான்.

விளம்பரத்துக்குப் பணம்

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, தாளில் நான்காவது கட்டம் ஓரளவு நிரம்பத் தொடங்கியபின் இங்கே வரவும். பூஸ்ட் பட்டனைவிட மெட்டாவின் விளம்பரப் பகுதியான ஆட்ஸ் மேனேஜர் நல்லது. நோக்கம் என்ற இடத்தில் என்கேஜ்மென்ட், அதற்குள் செய்திகள், சேரும் இடம் வாட்ஸ்அப். லைக்குக்கான விளம்பரம் ஓட்டினால் மெட்டா லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிக் கொண்டுவரும், வாங்குபவர்களை அல்ல.

இடம்: வரைபடத்தில் சாட்ஸ்வர்த் மேல் ஒரு குறி ('பின்'), 15 கிலோமீட்டர் வட்டம். மெர்பேங்க், ஐசிப்பிங்கோ உள்ளே வந்துவிடும். ஃபீனிக்ஸ் மேல் இன்னொன்று, அதில் வெருலமும் மவுண்ட் எட்ஜ்கோம்பும் அடங்கும். டோங்காட்டுக்குத் தனிப் பின். மதம், இனம் சார்ந்த தேர்வுகளை மெட்டா 2022 ஜனவரியில் நீக்கிவிட்டதால் 'தமிழர்', 'இந்து' என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். படமே ஆளைப் பிரிக்கும். குத்துவிளக்கும் மாவிலைத் தோரணமும் தமிழ் எழுத்தும் பெரிதாகத் தெரியும் படத்தை வைத்தால், வேண்டியவர் நிற்பார், மற்றவர் கடந்துபோவார்.

கணக்கு இப்படி. நாளுக்கு 60 ரேண்ட், ஏழு நாள், 420 ரேண்ட். அதோடு 15% வாட் வரி 63 ரேண்ட், மொத்தம் 483. அதில் 14 பேர் செய்தி அனுப்பினால் ஒரு விசாரணைக்கு 34.50 ரேண்ட். அவர்களில் இருவர் டெபாசிட் கட்டினால் ஒரு வாடிக்கையாளருக்கு 241.50. நீங்கள் 450 ரேண்ட் பத்திரிகையை மட்டும் விற்கிறீர்கள் என்றால் இது கட்டாது. 900 ரேண்ட் வேலையோ, பத்திரிகையோடு நன்றி அட்டையும் சேர்த்த தொகுப்போ விற்றால் கட்டும். எனவே விளம்பரத்தில் காட்டவேண்டியது விலை கூடிய தொகுப்பைத்தான்.

ஓடும் விளம்பரத்தை நாளுக்கொரு முறை திருத்த வேண்டாம். வாரத்துக்கு ஏறக்குறைய 50 பலன்கள் கிடைத்தால்தான் யாருக்குக் காட்டுவது என்று மெட்டா பழகும் கற்றல் கட்டம் முடியும், ஒவ்வொரு பெரிய திருத்தத்திலும் அது முதலிலிருந்து தொடங்கும். சிறு பட்ஜெட்டில் அந்த 50-ஐ எட்டவே முடியாது. ஆகவே ஒரே விளம்பரத் தொகுதி, இரண்டே படங்கள், ஏழு நாள் தொடாமல் விட்டுவிடுவது. எட்டாம் நாள் தோற்ற படத்தை மட்டும் மாற்றவும்.

விமர்சனம், கணக்கேடு, பூட்டு

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் ஒன்று திறந்து வைக்கவும். வீட்டிலிருந்து தொழில் செய்பவர் முகவரியை மறைத்து, சேவைப் பகுதிகளை மட்டும் காட்டலாம். சரிபார்ப்புக்குக் காணொளி கேட்டால் வேலைமேசை, கருவி, அச்சு மாதிரிகளைக் காட்டுவது உதவும். விமர்சனம் கேட்க நல்ல நேரம் இறுதிக் கோப்பு போய், 'ரொம்ப அழகா இருக்கு தம்பி' என்று பதில் வந்த அந்த நிமிடம். சுட்டியை அப்போதே அனுப்பவும். தள்ளுபடி கொடுத்து விமர்சனம் வாங்குவது கூகுள் விதிக்கு மாறு, அப்படி வந்தவை நீக்கப்படலாம்.

ஒரு விரிதாளில் ஐந்து பத்திகள்: தேதி, எந்த வழியாக வந்தார், என்ன கேட்டார், கொட்டேஷன் தொகை, கட்டினாரா. கூடவே விளம்பர ரசீது, டேட்டா, எழுத்துரு, மென்பொருள் சந்தா ரசீதுகள். தனித்தொழில் வருமானம் உள்ளவர் வரித்துறையான சார்ஸின் கணக்கில், வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டும் ப்ரொவிஷனல் வரிதாரர் ஆகிறார். அதற்கான ஐஆர்பி6 படிவம் ஆகஸ்ட் இறுதியிலும் பிப்ரவரி இறுதியிலும் போக வேண்டும். தொழிலுக்காகச் செய்த விளம்பரச் செலவைக் கழிக்கலாம், ரசீது இருந்தால். ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பக்கம் வளரத் தொடங்கியதும் 'உங்கள் பக்கம் காப்புரிமையை மீறிவிட்டது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும்' என்று மெட்டாவின் பெயரில் செய்தி வரும். அதிலுள்ள சுட்டியைத் தட்டிக் கடவுச்சொல்லை எழுதினால் பக்கம் கைமாறிவிடும். உண்மையான அறிவிப்பு பிசினஸ் சூட்டின் உதவிப் பகுதியில்தான் தெரியும். அங்கே இல்லை என்றால் அழித்துவிடவும். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் போடவும், சிம் மாற்று மோசடி நடந்தாலும் அந்த எண் இல்லாமல் கணக்கை உடனே திறக்க முடியாது. ஃபேஸ்புக் பக்கத்துக்கு நம்பிக்கையான இன்னொருவரை முழு அதிகாரத்தோடு நிர்வாகியாகச் சேர்த்து, இரண்டு கணக்கிலும் சரிபார்ப்புச் செயலியை இணைக்கவும். மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, போன் இல்லாத வேறு இடத்தில் வைக்கவும்.